அப்பத்தா காதும் போர்னியோ பாட்டி காதும்



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். மலேசியாவில் சரவாக் மாநிலத்தில் வேலை பார்க்கிறான். படத்தில் வயதான ஓர் அம்மா, ஒரு மரவீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு காதுச்சோணையும் தோள்வரை தொங்குகிறது. அதில் கனமான பித்தளை வளையங்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: "சார், இந்த ஊர்ப் பாட்டி. பார்த்ததும் எங்க அப்பத்தா ஞாபகம் வந்துருச்சு. நம்ம ஆளுகளுக்கும் இவங்களுக்கும் ஏதும் சம்பந்தம் உண்டா சார்?"

ஒரு வரியில் பதில் அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. மூன்று நாளாக அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அவன் அப்பத்தா ஞாபகம் வந்தது. எனக்கு என் அப்பத்தா. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் கடைசிவரை படித்துவிடுங்கள். பாடம் முடிந்தபிறகு நான் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பாட்டி யார் என்று பார்ப்போம்.

போர்னியோ பெரிய தீவு. வடக்குப் பகுதி மலேசியாவிடமும் புருனேயிடமும் இருக்கிறது. தெற்கே பெரும்பகுதி இந்தோனேசியாவுக்குச் சொந்தம். அதைக் கலிமந்தான் என்பார்கள். தீவின் உட்பகுதியில் ஆற்றோரக் காடுகளில் வாழும் பல பழங்குடிகளுக்குப் பொதுவாக வைத்த பெயர் டயாக். அவர்களுக்குள் இபான், கயான், கென்யா என்று பல பிரிவுகள் உண்டு. (இந்தக் கென்யா ஆப்பிரிக்க நாடு அல்ல, போர்னியோவில் ஓர் இனத்தின் பெயர்.) ஒரே நீளக் கூரைக்குக் கீழே பல குடும்பங்கள் வரிசையாக வாழும் நீளவீடுகள் அவர்களுடைய அடையாளம். இன்னொரு அடையாளம் காது.

சின்ன வயதிலேயே காதைக் குத்துவார்கள். துளை பெரிதாகப் பெரிதாக, மரத்தைச் செதுக்கி வட்டமான தக்கையாகச் செய்து சோணைக்குள் செருகிக்கொள்வார்கள். மரம் அவர்களுக்குக் கைக்கெட்டும் பொருள். காட்டிலேயே வாழ்கிறவர்கள் அல்லவா? பெண்கள் பித்தளை வளையங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். கயான், கென்யா ஆண்கள் காதின் மேல்பகுதியைத் துளைத்துச் சிறுத்தைப் பல்லைச் செருகுவதுண்டு. இருவாச்சிப் பறவையின் அலகுக்கு மேலுள்ள கெட்டியான பகுதியைச் செதுக்கியும் காதணி செய்வார்கள். கண்டவர் எல்லாம் அணியும் நகை இல்லை இது. ஒருவர் எந்தக் குடியைச் சேர்ந்தவர், என்ன தகுதி உள்ளவர், பெரிய வீட்டுப் பெண்ணா என்பதைப் பேசாமலே சொல்லிவிடும். பிறகு பள்ளிக்கூடமும் பாதிரிமாரும் நகரத்து வேலையும் வந்தன. இளையவர்கள் காதை வளர்ப்பதை நிறுத்தினார்கள். வளர்த்திருந்தவர்களில் பலர் சோணையை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். இன்று நீளக்காது வயதான பெண்களிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அவர்களைத் தேடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்க் கதையை யாரோ போர்னியோப் பெயர் போட்டு எழுதினது போலிருந்தது.

இனி மாணவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சம்பந்தம் உண்டா? கிழக்குக் கலிமந்தானில் கூத்தை என்னுமிடத்தில் ஏழு கல்தூண்கள் கிடைத்திருக்கின்றன. மூலவர்மன் என்ற அரசன் செய்த தானங்களைச் சொல்பவை, ஏறத்தாழ கி.பி. 400-ஐச் சேர்ந்தவை. மொழி சமஸ்கிருதம், எழுத்து நம் பல்லவர் எழுத்து வகை. ஆகவே அந்தத் தீவுக்கும் தென்னிந்தியாவுக்கும் 1,600 ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆனால் இதை வைத்து "காது வளர்க்கக் கற்றுக்கொடுத்தவனே தமிழன்தான்" என்று குரூப் குரூப்பாக ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். ஆப்பிரிக்காவில் மசாய் மக்களுக்கும் நீளக்காது உண்டு. தென் அமெரிக்காவில் இன்கா பிரபுக்கள் பெரிய தக்கைகளைக் காதில் அணிந்திருந்ததைப் பார்த்த ஸ்பானியர்கள் அவர்களுக்குப் 'பெருங்காதர்' என்றே பெயர் வைத்தார்கள். உலகத்தில் பல மூலைகளிலும் மனிதர்கள் தாமாகவே கண்டுபிடித்த வழக்கம் இது. காதுச்சோணையில் எலும்பு கிடையாது. மெல்ல இழுத்தால் நீளும். அதை மனிதன் எங்கேயும் கண்டுபிடித்துவிடுவான்.

நம் பக்கத்துக் கதையைப் பார்ப்போம்.

நம்முடைய காதணிகளின் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தோடு என்கிறோம். தோடு என்றால் பனையோலை, பூவிதழ் என்றும் பொருள். குழை என்கிறோம். குழை என்றால் தளிர். ஓலை என்ற சொல்லுக்கே காதணி என்ற பொருளும் உண்டு. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரையில் ஆற்றுக்குக் காதோலை கருகமணி படைக்கிறார்களே, அந்தக் காதோலை சுருட்டின பனையோலைதான். டயாக்குக்குக் காட்டுமரம் போல நமக்குப் பனைமரம். தங்கம் காதுக்கு ஏறுமுன்பு அங்கே இருந்தது ஓலையும் தளிரும். தங்கத்தில் செய்யத் தொடங்கிய பிறகும் பழைய பெயரை நாம் விடவில்லை. ஞானசம்பந்தர் பாடிய முதல் பதிகம் சிவபெருமான் காதிலுள்ள தோட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது.

நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். ஆண்டாள் திருப்பாவையின் 27-ஆம் பாட்டில் நோன்பு முடித்த பெண்கள் அணியப்போகும் நகைகளைச் சொல்கிறாள். தோடும் செவிப்பூவும் அதில் தனித்தனியாக வருகின்றன. அவள் தகப்பனார் பெரியாழ்வார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். கண்ணனுக்குக் காது குத்துவதற்கென்றே ஒரு பதிகம் பாடியிருக்கிறார். வலிக்கும் என்று பிள்ளை ஓடுகிறான். யசோதை பழம் தருகிறேன், பண்டம் தருகிறேன் என்று கெஞ்சுகிறாள். துளையில் திரி இடுவதைச் சொல்கிறாள். கடைசியில் எல்லாத் தாயும் கையில் எடுக்கிற ஆயுதத்தையே எடுக்கிறாள்: சேரிப் பிள்ளைகள் எல்லாரும் காதைப் பெருக்கிக்கொண்டு திரிவதைப் பார் என்கிறாள். இங்கே கவனியுங்கள், காது குத்துவதோடு நிற்கவில்லை, காதைப் பெருக்குவதையும் சொல்கிறார். 1,100 ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் காது வளர்த்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? கோயிலுக்குப் போனால் சாமியின் முகத்தை மட்டும் பார்க்காமல் தூண் சிற்பங்களின் காதையும் பாருங்கள். சோழர் செப்புத் திருமேனிகளைப் பாருங்கள். புத்தர், சமணத் தீர்த்தங்கரர் சிலைகளைப் பாருங்கள். நகை இல்லாத சிலையிலும் சோணை நீண்டிருக்கும்.

ஆண்கள் சீக்கிரம் கடுக்கனோடு நிறுத்திக்கொண்டார்கள். பெண்கள் விடவில்லை. மதுரை, ராமநாதபுரம், விருதுநகர், திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் நேற்றுவரை இருந்தது. இது ஒரு சாதிக்கு மட்டும் உரியதுமில்லை. பல சாதி வீடுகளிலும் காது வளர்த்தார்கள். நகையின் வடிவமும் எடையும்தான் வீட்டுக்கு வீடு மாறும்.

எப்படி வளர்ப்பார்கள்? எங்கள் அப்பத்தா சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

பெண்பிள்ளை பிறந்து சில நாளிலேயே காது குத்த ஆள் வரும். பெரும்பாலும் ஊர் ஊராக வருகிற குறவர் வீட்டுப் பெண்மணி. சின்னக் கத்தியால் சோணையில் கீறி, எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை வைத்துவிடுவார். புண் ஆற ஆறத் திரி தடிக்கும். பிறகு ஓலைச்சுருள். காய்ந்த ஓலையைச் சுருட்டி உள்ளே வைத்தால் அது சும்மா இருக்காது; விரியத்தான் பார்க்கும். ராத்திரியும் பகலும் துளையை மெல்ல மெல்ல விரித்துக்கொண்டே இருக்கும். ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று ஏழாம் வகுப்பில் படித்தீர்களே, அந்த அறிவியல்தான். துளை போதுமான அளவு ஆனதும் குணுக்கு. குணுக்கு என்பது ஈய வளையம். முதலில் ஒன்று, அப்புறம் இரண்டு என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். கனத்தில் சோணை இறங்கும். பிள்ளை ஓடினால் குணுக்கு கன்னத்தில் அடிக்கும். "அந்த வலிக்குத்தான் நாங்க சின்னதிலயே நிதானமா நடக்கப் படிச்சோம்" என்பாள் அப்பத்தா. சடங்காகும் வயதில் காது தோளைத் தொட்டுவிடும். பெண் கேட்டு வருகிறவர்கள் காதைப் பார்ப்பார்கள். காது சரியாக வளர்ந்திருந்தால் அந்தப் பிள்ளையை வீட்டார் பொறுப்பாக வளர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நான் இதைப் புகழ்ந்து பேசவில்லை. பிள்ளைக்கு வலிதான். அறுந்துபோன காதுகளும் உண்டு. திருடன் இருட்டில் காதோடு அறுத்துக்கொண்டு ஓடிய கதை எல்லா ஊரிலும் இருக்கும். அந்த வலியையும் சேர்த்துத்தான் வரலாறு.

வளர்ந்த காதுக்கு வருகிற நகைகளின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: தண்டட்டி, பாம்படம், முடிச்சு, நாகபடம், எதிர்த்தட்டு. தண்டட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உருண்டை, கட்டம், தகடு என்று கணக்கு வாத்தியார் கரும்பலகையில் வரைகிற உருவங்களை எல்லாம் ஒன்றாக ஒட்டவைத்தது போலிருக்கும். பாம்படம் என்ற பெயரில் பாம்பின் படம் இருக்கிறது. ஆனால் நகையைப் பார்த்தால் பாம்பு தெரியாது, வட்டமும் சதுரமும்தான் தெரியும். பல நூற்றாண்டு ஆசாரிகளின் கை சேர்ந்து பாம்பைக் கணக்காக மாற்றியிருக்கிறது. லண்டன் அருங்காட்சியகங்களில் இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஓவியம் படித்தவர்கள் பார்த்தால் நவீன சிற்பம் என்றே சொல்வார்கள்.

உள்ளே முழுவதும் தங்கம் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கத்தைத் தகடாக அடித்து, உருவம் செய்து, உள்ளே அரக்கை நிரப்புவார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய நகையைக் காது தாங்கியது. அடகுக்குக் கொண்டுபோனால் அரக்குக்குக் கழித்துத்தான் எடை சொல்வார்கள். அப்பத்தா அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தாள்: "வெளியே பொன்னு, உள்ளே அரக்கு. பொம்பளப் பொழப்பும் அதான்."

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். எதற்காக இவ்வளவு வலி, இவ்வளவு கனம்? அழகுக்கு மட்டுமா?

எங்கள் அப்பத்தா காலத்தில் மகன் இருக்கிற வீட்டில் மகளுக்கு நிலத்தில் பங்கு கிடையாது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் வந்தது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 1989-ல். நாடு முழுக்க அது வர 2005 ஆயிற்று. பாங்கில் கணக்கு, தன் பேரில் பட்டா, இதெல்லாம் அவளுக்குக் கனவு. வீடு மாமனார் பேரில். காடு புருஷன் பேரில். மாடு கூட மகன் பேரில். அவள் பேரில் இருந்தது அவள் காது மட்டும்தான். அது அவள் தாய் போட்டுவிட்டது. அவள் தலையை விட்டு இறங்காமல் யாரும் அதைத் தொட முடியாது. தாத்தா இறந்து தாலி இறங்கின பிறகும் எங்கள் வீட்டில் தண்டட்டி இறங்கவில்லை. வெள்ளைச் சேலை, வெறுங்கழுத்து, காதில் மட்டும் பொன் ஆடும். அவளுக்குப் பிறகு அது மகளுக்கு. நிலம் ஆண்வழியாகப் போனது. காதில் கிடந்தது பெண்வழியாக வந்தது. நம் வானம் பார்த்த கரிசல் பூமியில் மழை பொய்த்த வருஷங்களில் விதைக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அடகுக்குப் போய்த் திரும்பி வந்தது அந்தத் தண்டட்டிதான். ஆனைக்குட்டத்துக்கு அணை வருமுன்பு அர்ச்சுனா நதியில் தண்ணீர் வந்தால் தண்டட்டி திரும்பும். வராவிட்டால் அடகுக்கடையிலேயே கிடக்கும்.

நகை இல்லாத நீளக்காதுக்கு நம் பக்கத்தில் ஒரு சொல் உண்டு: மூளிக்காது. கேட்கவே மனசு வலிக்கும் சொல். சிலப்பதிகாரத்தில் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையைப் படித்தவர்களுக்குத் தெரியும். கோவலன் மாதவி வீட்டில் இருக்கிறான். கண்ணகி நகைகளைக் கழற்றிவிட்டாள். அவள் துயரத்தைச் சொல்ல வந்த இளங்கோ, குழையைக் கழற்றிவிட்ட அவள் காது வடிந்து தொங்குவதையும் சொல்கிறார். எல்லோரும் சிலம்பைப் பற்றிப் பேசுகிறோம்; அந்தக் காதைக் கவனிப்பதில்லை. நான் பல வருஷம் அந்தக் காதையை நடத்துவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கும் உறைத்தது ரொம்பக் காலம் கழித்துத்தான்.

எப்படி முடிந்தது இந்த வழக்கம்?

ஒரே நாளில் முடியவில்லை. வெள்ளைக்காரர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி நூல் வெளியிட்டார். நம் பெண்களின் நீளக்காதும் அவர் கண்ணில் பட்டுப் புத்தகத்தில் ஏறியது. அவர்களுக்கு அது விநோதம். பள்ளிக்குப் போன பெண்களுக்கும் பட்டணத்தில் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் கம்மலும் ஜிமிக்கியும் வந்தன. நம் பகுதியில் வேலையும் மாறியது. 1920-களில் சிவகாசியிலிருந்து இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை உங்களுக்குத் தெரியும். அய்ய நாடார், சண்முக நாடார். அதற்குப் பிறகு தீப்பெட்டி ஆபீசும் பட்டாசும் அச்சும் வளர்ந்தன. விடியுமுன் கட்டை அடுக்கப் போகிற பிள்ளைக்குக் காதுக்கு ஓலை மாற்ற யாருக்கு நேரம்? 1962-ல் சீனப் போர். 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது என்றார்கள். அந்த 14 காரட் விதி சில வருஷத்தில் தளர்ந்தாலும் 1968-ல் தனிச் சட்டமே வந்து 1990 வரை இருந்தது. ஆசாரிமார் பட்ட பாடு கொஞ்சமல்ல. தண்டட்டி அடிக்கத் தெரிந்த கை வேறு வேலைக்குப் போனது. பழைய தண்டட்டிகள் உருகிச் சங்கிலியாகவும் வளையலாகவும் ஆயின.

இதெல்லாம் பாடப்புத்தகம் சொல்லக்கூடிய காரணங்கள். பாடப்புத்தகத்தில் வராத ஒரு காரணம் உண்டு. அது நாங்கள். படித்த முதல் தலைமுறைப் பிள்ளைகள்.

நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

1970-களின் நடுவில் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கட்டப் பணமில்லை. அப்பா இரண்டு இடத்தில் கடன் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அப்பத்தா எதுவும் கேட்கவில்லை. உள்ளே போனாள். திரும்பி வரும்போது காது இரண்டும் வெறுமையாக இருந்தது. முந்தானையில் முடிந்துவைத்திருந்ததை அப்பா மடியில் போட்டாள். "என்னைக்காவது மீட்டுக்கிடலாம்யா" என்றாள். மீட்கவில்லை. வட்டி ஏறி அது மூழ்கிப்போனது. என் மூத்த அத்தைக்குப் போக வேண்டிய நகை அது. அத்தை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வேலை கிடைத்தது. முதல் பள்ளிக்கூடம் ஊரிலிருந்து சற்றுத் தூரம். ஒருநாள் மதியம் அப்பத்தா தூக்குச் சட்டியில் கருவாட்டுக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டு பஸ் பிடித்து வந்துவிட்டாள். வகுப்பு வாசலில் நின்று "எய்யா" என்று கூப்பிட்டாள். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் தன் காதைப் பிடித்துக் கீழே இழுத்துக் காட்டினான். "தொள்ளைக்காது, தொள்ளைக்காது" என்று ஒரு குரல். வகுப்பே சிரித்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. தூக்குச் சட்டியை வாங்கி, "சரி, நீ கெளம்பு" என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குப் பாடம் சிந்துவெளி நாகரிகம். மொகஞ்சதாரோவில் கிடைத்த நகைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐயாயிரம் வருஷத்துக்கு முந்திய நகையைப் புகழ்ந்த வாய்க்கு, வாசலில் நின்ற காதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. "இந்தக் காது வெறுமையாக இருப்பதால்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்று அந்தப் பையன்களிடம் சொல்லியிருக்கலாம். அவர்கள் பிஞ்சுகள், அடுத்த நிமிஷம் புரிந்துகொண்டிருப்பார்கள். சிரித்தது அவர்கள் குற்றம் இல்லை. சொல்லிக்கொடுக்காதது என் குற்றம்.

அப்புறம் என் கல்யாணம் முடிவானது. பெண் வீட்டார் டவுன்காரர்கள். ஒரு ராத்திரி அப்பத்தா என் கட்டில் பக்கம் வந்து, "எய்யா, காத ஒட்டப்போட்டுக்கிடவா? பொண்ணு வீட்டுக்காரவுக முன்னால மூளிக்காதோட நிக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். "உன் இஷ்டம் அப்பத்தா" என்றேன். அது என் இஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் தொங்கின சோணையை வெட்டித் தைத்தார்கள். எழுபதைத் தாண்டின உடம்பு, ஆறுவதற்கு நாளாயிற்று. கல்யாணப் படத்தில் சின்னதாக ஒரு கம்மலோடு நிற்கிறாள். படத்தைப் பார்த்து அவளே, "இது ஆரு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். சாகும்வரை, பேசிக்கொண்டிருக்கும்போதே கை தானாகக் காதுக்குப் போகும். தோள் பக்கத்தில் எதையோ தேடும். பிறகு மடிக்குத் திரும்பிவிடும்.

சரவாக்கில் இருக்கிற அந்தப் பாட்டியின் படத்தைப் பார்த்தபோது என் கண் அவர் கையைத்தான் தேடியது. அது சும்மா மடியில் கிடந்தது. தேடுவதற்கு அவருக்கு அவசியம் இல்லை. காது காதாகவே இருக்கிறது.

மாணவனே, உன் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அவர்களுக்கும் நமக்கும் ரத்த சம்பந்தம் தேட வேண்டியதில்லை. அவர்கள் மரத்தைச் செதுக்கித் தங்கள் குடியின் பெயரைக் காதில் எழுதிக்கொண்டார்கள். நாம் ஓலையைச் சுருட்டித் தொடங்கி, பெண்ணின் சொத்தைக் காதில் எழுதிவைத்தோம். இரண்டு இடத்திலும் ஒரு தலைமுறை கௌரவம் என்று தாங்கியதை அடுத்த தலைமுறை அசிங்கம் என்று வெட்டியது. அந்த வெட்கம்தான் நம் இருவருக்கும் உள்ள சம்பந்தம்.

காதை மறுபடி வளர்க்கச் சொல்லவில்லை. என் பேத்திக்கு அந்த வலி வேண்டாம். சட்டம் அவளுக்கு நிலத்தில் பங்கு தந்திருக்கிறது; பாங்கில் கணக்கு இருக்கிறது; காது சுமக்க வேண்டியதில்லை. அது நல்ல மாற்றம். ஆனால் எது போனது, எதற்காக இருந்தது என்று தெரிந்து விடுவது வேறு. சிரித்து விரட்டுவது வேறு. 2023-ல் 'தண்டட்டி' என்று ஒரு சினிமா வந்ததே, ரோகிணியும் பசுபதியும் நடித்தது. இறந்துபோன கிழவியின் தண்டட்டி காணாமல் போகிற கதை. தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் காதில் கறுப்பாக ஒரு வட்டத் தக்கை போட்டிருந்தான். இப்போது அது ஃபேஷனாம். அவன் திரையில் தெரிந்த காதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

கடைசியாக வீட்டுப்பாடம். வாத்தியார் ஓய்வு பெற்றாலும் வீட்டுப்பாடம் ஓய்வு பெறாது.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வளர்த்த காதோடு ஒரு பாட்டி இருந்தால், இந்த வாரமே போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் சம்மதம் கேளுங்கள். காதில் போட்டிருந்தது என்ன பெயர், எத்தனை சவரன், யார் போட்டுவிட்டது, எந்த ஆசாரி அடித்தது, எதற்காக முதலில் அடகுக்குப் போனது என்று கேட்டு எழுதிவையுங்கள். பெட்டிக்குள் பழைய தண்டட்டி கிடந்தால் அழித்து வேறு நகை செய்வதற்கு முன்னால் நான்கு பக்கமும் படம் எடுத்துவையுங்கள். அழிப்பது உங்கள் உரிமை, பெயரையாவது காப்பாற்றுங்கள். கமெண்டில் எழுதினால் எல்லோரும் படிப்போம். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு பெயர் இருக்கும். எனக்குத் தெரியாதது நிறைய வரும்.

என் அத்தைப் பிள்ளைகள் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். உங்கள் அம்மாவுக்கு வர வேண்டிய தண்டட்டியில்தான் நான் வாத்தியாரானேன். அம்மாவிடம் அதை நேரில் சொல்லாமலே இருந்துவிட்டேன். இன்று எல்லோர் முன்னாலும் உங்களிடம் சொல்கிறேன்.

அன்றைக்கு வகுப்பில் காதை இழுத்துக் காட்டிய பையனும் இதில் எங்கோ இருக்கலாம். அவனுக்கு இப்போது அறுபது வயதாகியிருக்கும். தம்பி, உன் மேல் எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு நடத்தாமல் விட்ட பாடத்தை இன்றைக்கு நடத்திவிட்டேன். வருகைப் பதிவில் உன் பெயருக்கு நேரே ஆஜர் போட்டுக்கொள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்,
ஆனைக்குட்டம்.